இங்கிலீஷ் ஹார்ட்லின்னா (hardly) 'கடுமையா'ன்னு நினைச்சு ஒரு லாட் துணியையே திருப்பி அனுப்பிட்டேன், இந்த வார்த்தையை யாராச்சும் ஒழுங்கா புரிய வைங்க

திருப்பூர்_பனியன் | இரவு 9:14

வணக்கமுங்க. மானம் போற கதைதான், ஆனா இங்க யாருக்கும் என் மூஞ்சி தெரியாதுங்கிற தைரியத்துல எழுதறேன். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், ஆறு வருஷமாச்சு. படிச்சது தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். பையர் மெயில் எல்லாம் நானேதான் பாக்கறது, இதுவரைக்கும் பெருசா எதுவும் சொதப்புனதில்ல.

போன வாரம் நேவி ப்ளூ சிங்கிள் ஜெர்ஸி பின்னல் துணி, டி-ஷர்ட் ஆர்டர். சாயப்பட்டறைல இருந்து துணி மூணு லாட்டா வந்துச்சு. ரெண்டாவது லாட்டுக்கும் மூணாவது லாட்டுக்கும் லேசா ஷேட் மாறுன மாதிரி எனக்கு ஒரு உறுத்தல், சரி எதுக்கு வம்புன்னு ரெண்டுலயும் துண்டு வெட்டி இங்கிலாந்து பையருக்கு கூரியர்ல அனுப்பி வச்சேன். அவரு பாத்துட்டு ஒரே வரில பதில் போட்டாரு: "த டிஃபரன்ஸ் ஈஸ் ஹார்ட்லி நோட்டீசபிள் அண்டர் டி65, ப்ளீஸ் ப்ளான் அக்கார்டிங்லி." டி65ங்கிறது லைட் பாக்ஸ்ல பகல் வெளிச்சம் மாதிரி வர்ற லைட்டு, எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு தெரியும்.

நான் எப்படி படிச்சேன்னா, ஹார்டுன்னா கடினம், ஹார்ட்லின்னா கடினமா, கடுமையா. அப்ப வித்தியாசம் கடுமையா தெரியுது, அதுக்கு தகுந்த மாதிரி ப்ளான் பண்ணிக்கோன்னு மனுசன் கோவமா சொல்றாருன்னு எடுத்துட்டேன். உடனே கட்டிங்கை நிறுத்த சொல்லிட்டேன், மூணாவது லாட் 340 கிலோவையும் வண்டில ஏத்தி ரீ-டையிங்குக்கு, அதாவது மறுபடி சாயம் போட, திருப்பி விட்டுட்டேன். பட்டறைக்காரரு போன்ல "ஏனுங்க தம்பி, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியுது"ன்னாரு, நான் "பையரே எழுத்துல குடுத்துட்டாருங்க"ன்னு பெருமையா சொன்னேன். மறுநாள் முதலாளி அந்த மெயிலை படிச்சுட்டு என்னை கூப்ட்டு கேட்டது ஒரே கேள்விதான், "இதுல எங்கப்பா அவரு வேண்டாம்னு சொல்லிருக்காரு?"

அதுக்குள்ள பாதி துணி மெஷின்ல ஏறிருச்சு.

டிக்‌ஷனரி பாத்துட்டேன், 'அரிதாக', 'சிரமத்துடன்', 'இல்லையென்றே சொல்லலாம்'னு மூணு அர்த்தம் போட்டிருக்கு, மூணும் மூணு திக்குல நிக்குது. ஹார்டுக்கும் ஹார்ட்லிக்கும் சம்பந்தமே இல்லையா? எங்க எப்படி போடறது? தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க, திட்டறவங்களும் திட்டிக்கலாம்.

டீக்கடை_பெஞ்சு | இரவு 9:31

பாஸ் திட்ட மனசு வரல, ஏன்னா நான் முதல் வேலைக்கு போட்ட அப்ளிகேஷன்லயே "ஐ வில் ஒர்க் ஹார்ட்லி"ன்னு எழுதுனவன். 'நான் வேலையே பாக்க மாட்டேன்'னு கையெழுத்து போட்டு குடுத்திருக்கேன். வேலையும் குடுத்தாங்க, அதுதான் ஆச்சரியம்.

ரிட்டயர்டு_வாத்தி | இரவு 10:05

தம்பி, முதல்ல ஒண்ணு, இது உங்க முட்டாள்தனம் இல்ல. முப்பத்தி ரெண்டு வருஷம் இங்கிலீஷ் எடுத்தவன் சொல்றேன், வருஷா வருஷம் பேப்பர் திருத்தும்போது பாத்த தப்பு இது. காரணம் நம்ம தமிழ்லயே இருக்கு. நாம என்ன பண்றோம், வேகம் வேகமாக, அழகு அழகாக, கடினம் கடினமாக, பின்னாடி ஒரு 'ஆக' ஒட்டுனா வேலை முடிஞ்சது. இங்கிலீஷ்ல அந்த 'ஆக' தான் 'லி'ன்னு யாரோ ஒரு வாத்தியார் நமக்கு சொல்லி குடுத்திருப்பார், நானே சொல்லி குடுத்திருக்கேன். குயிக் குயிக்லி, ஸ்லோ ஸ்லோலின்னு முக்காவாசி வார்த்தைக்கு அது சரியாவும் வரும். அந்த பழக்கத்துல ஹார்டுக்கும் லி ஒட்டிடறோம். ஃபாஸ்டுக்கு ஒட்டி 'ஃபாஸ்ட்லி'ன்னு வேற ஒண்ண நாமளே செஞ்சு வச்சிருக்கோம், அப்படி ஒரு வார்த்தையே அவன்கிட்ட புழக்கத்துல இல்ல.

ஹார்டு அப்படியே லி இல்லாமலேயே ரெண்டு வேலையும் பாக்கும். "ஹார்டு ஒர்க்"னா கடின உழைப்பு, "ஹீ ஒர்க்ஸ் ஹார்டு"ன்னா கடினமா உழைக்கிறான். லேட் போட்டாலும் அதே கதை. "ஹீ கேம் லேட்"னா தாமதமா வந்தான், "லேட்லி"ன்னா சமீப காலமா. நியர் கிட்டத்துல, நியர்லி கிட்டத்தட்ட. லி ஒட்டுனதும் வேற வீட்டுக்கு வாக்கப்பட்டு போன பொண்ணு மாதிரி, பிறந்த வீட்டு சாயல் இருக்கும், குடும்பம் வேற.

இப்ப ஹார்ட்லி. இதுக்குள்ள ஒரு 'இல்லை' ஒளிஞ்சிருக்கு. நாட் (not)ங்கிற வார்த்தை கண்ணுக்கு தெரியாது, ஆனா வாக்கியம் முழுசும் எதிர்மறை. நமக்கு இடிக்கிற இடமே இதுதான். தமிழ்ல இல்லைங்கிறது வாக்கியத்தோட வால்ல வரும். வரமாட்டான், தெரியாது, பாக்கலன்னு கடைசி வரைக்கும் போய்தான் தெரிஞ்சுக்கறோம். வால்ல எதிர்மறை இல்லன்னா மூளை தானா 'ஓ இது ஆமா வாக்கியம்'னு எடுத்துக்கும். உங்க பையர் மெயில்ல வால்ல இருந்தது "நோட்டீசபிள்". அதான் தெரியுதுன்னு படிச்சுட்டீங்க.

நான் கிளாஸ்ல சொல்ற வழி: ஹார்ட்லிய பாத்ததும் வாக்கியத்தை தமிழ்ல எதிர்மறையா முடிச்சுட்டு 'ன்னே சொல்லலாம்' சேருங்க. "ஹார்ட்லி நோட்டீசபிள்", வித்தியாசம் தெரியலைன்னே சொல்லலாம். "ஐ ஹார்ட்லி நோ ஹிம்", எனக்கு அவரை தெரியாதுன்னே சொல்லலாம். "தேர் ஈஸ் ஹார்ட்லி எனி வாட்டர்", தண்ணி இல்லைன்னே சொல்லலாம். டிக்‌ஷனரில உங்களுக்கு மூணாவதா போட்டிருந்தாங்களே, அதுதான் இன்னைக்கு நடைமுறைல இருக்கற அர்த்தம்.

திருப்பூர்_பனியன் | இரவு 10:20

சார் அந்த 'வால்' விசயம் சொன்னீங்க பாருங்க, அது பொட்டுல அடிச்ச மாதிரி இருக்கு. ஒரு சந்தேகம், 'அவ்வளவா'ன்னு போட்டா வராதுங்களா? எனக்கு அவரை அவ்வளவா தெரியாதுன்னு?

ரிட்டயர்டு_வாத்தி | இரவு 10:34

வரும், பேச்சுல ரொம்ப இயல்பாவே வரும். ஆனா 'அவ்வளவா' கொஞ்சம் மெத்தனம், நிறைய தெரியாது கொஞ்சம் தெரியும்ங்கிற தொனி. அதுக்கு இங்கிலீஷ்ல "நாட் வெரி வெல்"னு ஒண்ணு தனியா இருக்கு. ஹார்ட்லி இன்னும் பூஜ்யத்துக்கு பக்கத்துல நிக்கும். உங்க துணிக்கு அவர் "நாட் வெரி நோட்டீசபிள்"னு எழுதியிருந்தா கொஞ்சம் தெரியுதுன்னு நீங்க யோசிக்க இடம் உண்டு. ஹார்ட்லிக்கு அந்த இடமே இல்ல.

நாஞ்சில்_நர்ஸ் | இரவு 11:48

இந்த தலைப்ப பாத்ததும் சிரிப்பும் வந்திட்டு, வயித்த கலக்கவும் செஞ்சிட்டு. நான் நாகர்கோவில் பக்கம், இப்ப லீட்ஸ்ல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸ். இங்கிலீஷ் பரீட்சை எல்லாம் நல்ல மார்க்குல பாஸ் பண்ணிட்டுதான் வந்தேன், ஆனா பரீட்சைல வாறவங்க யாரும் இங்க உள்ளவங்க மாதிரி பேச மாட்டாங்க பாத்துக்கிடுங்க.

வந்த புதுசு. முட்டி ஆபரேஷன் முடிஞ்ச ஒரு தாத்தா, ரெண்டாம் நாளு. வலி எப்படி இருக்குன்னு கேட்டேன். "இட் ஹார்ட்லி ஹர்ட்ஸ், லவ்"ன்னாரு. இங்க யார்க்‌ஷயர்ல எல்லாரையும் லவ்வுன்னுதான் கூப்பிடுவாங்க, மோளேன்னு கூப்பிடுத மாதிரி. அதோட இவங்க வாயில ஹார்ட்லில ஆர் இருக்காது, 'ஹாட்லி'ன்னுதான் கேக்கும், அடுத்த வார்த்தையும் ஹர்ட்ஸ், என் காதுல விழுந்தது ஹார்டும் ஹர்ட்டும் மட்டும்தான். தாத்தாக்கு வலி தாங்கல, பாவம் சிரிச்சு சமாளிக்காருன்னு நினைச்சு சீனியர் நர்ஸ்ட்ட ஓடினேன், வலி மருந்த கூட்டணும்னு. அவங்க எழுந்திருக்கவே இல்ல, "ஸ்கோர் என்ன?"ன்னு கேட்டாங்க. பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள வலிக்கு ஒரு நம்பர் கேக்கணும்லா, அத நான் கேக்கவே இல்ல. திரும்பி போய் கேட்டேன். "ஒன்"ன்னாரு. ஒண்ணு. அந்த நம்பர் மட்டும் இல்லன்னா தேவையில்லாத மருந்துக்குல்லா ஏற்பாடு பண்ணிருப்பேன்.

அதுல இருந்து யாரு எப்படி சொன்னாலும் நம்பர் வாங்காம நகர மாட்டேன். உங்களுக்கும் அதுதான் சொல்லுவேன் அண்ணா, பையர்ட்ட "அப்ரூவ்டா ரிஜெக்டடா"ன்னு ஒரு வார்த்தைல பதில் வாங்கிட்டு அப்புறம் லாரிய விடுங்க.

டீக்கடை_பெஞ்சு | இரவு 11:59

எல்லாம் சரி, நான் ஒண்ணு கேக்கறேன். நம்ம ஊர்ல "எவ்ளோ நேரம் ஆகும்"னு கேட்டா ஏசி ரிப்பேர் பண்ற தம்பில இருந்து ஐடி மேனேஜர் வரைக்கும் "ஹார்ட்லி டென் மினிட்ஸ்"ங்கிறாங்க. வாத்தியார் கணக்குப்படி பாத்தா 'பத்து நிமிஷம் இல்லைன்னே சொல்லலாம்'. வந்து முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகுது. அப்ப கணக்கு சரிதானோ, பத்து நிமிஷம் இல்லவே இல்லதான் 😄

சீரியஸா கேக்கறேன், அது தப்பா?

ரிட்டயர்டு_வாத்தி | மறுநாள் காலை 6:10

நல்ல கேள்வி. முழு தப்புன்னு சொல்ல மாட்டேன். எண்ணுக்கு முன்னாடி ஹார்ட்லி வர்றது அவங்களுக்கும் பழக்கம்தான். "இட்ஸ் ஹார்ட்லி எ மைல் ஃப்ரம் ஹியர்"னா ஒரு மைல்கூட இருக்காதுங்கிற அர்த்தம். அந்த 'கூட இருக்காது'ங்கிறதுல எதிர்மறை இருக்கா இல்லையா? இருக்கு. ஆக பத்து நிமிஷம்கூட ஆகாதுன்னு ஹார்ட்லி டென் மினிட்ஸ் சொன்னா வார்த்தை தன் குணத்தோடதான் இருக்கு. நாம என்ன பண்ணிட்டோம்னா அதை நாளைக்கு நடக்கப்போற வேலைக்கு வாக்கு குடுக்கற மாதிரி, 'அதிகபட்சம் பத்து நிமிஷம்'ங்கிற இடத்துல எல்லாம் தூக்கி போட்டுட்டோம். அந்த இடத்துல அவங்க வாயில ஒன்லியோ ஜஸ்ட்டோ அட் மோஸ்ட்டோ வரும். நம்ம நாட்டுக்குள்ள பேச குறை ஒண்ணும் இல்ல. வெளிநாட்டு மெயில்ல தேதி, நாள் கணக்கு எழுதும்போது ஹார்ட்லி போடாதீங்க.

டீக்கடை_பெஞ்சு | காலை 8:22

இதான் சார் எனக்கு பிடிக்காதது. கோடிக்கணக்கான பேர் தினமும் ஒரே அர்த்தத்துல பேசறோம், கேக்கறவனுக்கும் புரியுது, அப்புறம் என்ன 'அவங்க வாயில'? நம்ம வாயில இப்படி வரும்னு விட்டுடலாமே.

ரிட்டயர்டு_வாத்தி | காலை 8:40

விடலாம், நீங்க நானும் பேசிக்கும்போது. திருப்பூர் தம்பிக்கு 340 கிலோ துணி போச்சே, அங்க மெயில் எழுதுனது யார் வாய்?

டீக்கடை_பெஞ்சு | காலை 8:41

ஓகே சார், சரண்டர்.

பத்தாங்கிளாஸ்_அம்மா | காலை 10:15

சார் நடுவுல வர்றேன் மன்னிக்கணும். பையனுக்கு கொஸ்டின் டேக்ல, அதான் வாக்கியத்துக்கு பின்னாடி ஒட்டற குட்டி கேள்வில, ஒரு மார்க் போச்சு, அவன் கரெக்ட்னு அடம், நான் டீச்சர் தப்பா போடுவாங்களான்னு அடம். "ஷீ ஹார்ட்லி ஈட்ஸ் எனிதிங்" கமா போட்டு கோடு. இவன் "டஸன்ட் ஷீ" எழுதிருக்கான். பாசிட்டிவ் வாக்கியத்துக்கு நெகட்டிவ் டேக்குன்னு நீங்கதானேம்மா சொல்லி குடுத்தீங்கன்னு என்னையே மடக்கறான்.

ரிட்டயர்டு_வாத்தி | காலை 10:48

டீச்சர் போட்டது சரிம்மா, "டஸ் ஷீ" தான் விடை. பையன் விதியை சரியாத்தான் புடிச்சிருக்கான், வாக்கியம்தான் வேஷம் போட்டு ஏமாத்திருச்சு. நேத்து சொன்ன ஒளிஞ்சிருக்கற இல்லைதான். வாக்கியம் ஏற்கனவே நெகட்டிவ், அதனால டேக் பாசிட்டிவ். பரீட்சைல ஸ்கேர்ஸ்லி, பேர்லி, ரேர்லி, செல்டம் வந்தாலும் இதே மாதிரிதான். பக்கத்துல "எனிதிங்" இருக்கு பாருங்க, அதையே துப்பா எடுத்துக்க சொல்லுங்க. நல்ல பாசிட்டிவ் வாக்கியமா இருந்தா அங்க சம்திங் இல்ல வந்திருக்கும்? ஹார்ட்லிக்கு எனி, எவர், அட் ஆல் இதெல்லாம்தான் கூட்டாளி. ஹார்ட்லி எனி, ஹார்ட்லி எனிபடி, ஹார்ட்லி எவர். நோ, நோபடி, நெவர் எதையும் பக்கத்துல சேத்துக்காது, ஏன்னா எதிர்மறை ரெண்டு தடவை ஆயிடும். அமெரிக்காவுல பேச்சு வழக்குல "கான்ட் ஹார்ட்லி"ன்னு சொல்றவங்க உண்டு, படத்துல கேட்டுட்டு வந்து பேப்பர்ல எழுதிட வேண்டாம்னு சொல்லி வைங்க.

இன்னொண்ணும் அந்த வயசுக்கு வரும். "ஹார்ட்லி ஹேட் ஐ ரீச்ட் த பஸ் ஸ்டாண்ட் வென் த பஸ் லெஃப்ட்." ஹார்ட்லி முன்னாடி வந்துட்டா ஹேட் துள்ளிக்கிட்டு ஐக்கு முன்னாடி போயிடும், கேள்வி மாதிரி. பசங்க இதை கஷ்டமா நினைக்கறாங்க, தமிழ்ல சொல்லி பாத்தா சப்புன்னு இருக்கும்: நான் பஸ் ஸ்டாண்டுல கால் வச்சேனோ இல்லையோ, பஸ் கெளம்பிருச்சு. அந்த 'இல்லையோ'வ பாருங்க. கால் வச்சதா கணக்கா இல்லையான்னே தெரியல, அதுக்குள்ள அடுத்தது நடந்துருச்சு. ஹார்ட்லி பண்ற வேலை அச்சு அசல் அதுதான். ஹார்ட்லிக்கு ஜோடி வென் (when), நோ சூனருக்கு (no sooner) ஜோடி தேன் (than). சூனர்ங்கிறது ஒப்பிட்டு பேசற வார்த்தை, அதான் அதுக்கு தேன். மாத்தி போட்டா மார்க் போகும்.

பத்தாங்கிளாஸ்_அம்மா | காலை 11:02

'வச்சேனோ இல்லையோ'ன்னு சொன்னதும் "இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல"ங்கிறான். ரொம்ப நன்றி சார்.

பாளை_ஊசிகோபுரம் | பகல் 1:30

ரெண்டு நாளா சும்மா வாசிச்சிட்டு இருந்தேன், ஒண்ணு சொல்லுதேன். திருப்பூர் அண்ணாச்சி நினைச்ச அர்த்தம் சுத்த தப்பு இல்ல, ஒரு நானூறு வருஷம் லேட்டு அவ்வளவுதான். 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள எடுங்க, ஆதியாகமம் பதினாறாம் அதிகாரம் ஆறாம் வசனம், சாராய் ஆகார கொடுமைப்படுத்தின இடம். "சாராய் டெல்ட் ஹார்ட்லி வித் ஹர்"னு இருக்கும். நம்ம தமிழ் பைபிள்ல அதே வசனம் "சாராய் அவளைக் கடினமாய் நடத்தினபடியால்". கடினமாய்! அண்ணாச்சி மனசுல வச்சிருந்த அதே வார்த்தை.

அதே பைபிள்ல மத்தேயு பத்தொன்பது, இருபத்திமூணு. ஐசுவரியவான் "ஷேல் ஹார்ட்லி என்டர்" பரலோக ராஜ்யத்துலன்னு வரும். இங்க கடுமையா நுழைவான்னு அர்த்தம் இல்ல, கஷ்டப்பட்டுதான் நுழையணும், சுலபத்துல முடியாதுன்னு அர்த்தம். தமிழ்ல "பிரவேசிப்பது அரிது"ன்னு போட்டிருக்கு. எங்க தாத்தா ரெண்டு பைபிளையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வச்சு வாசிப்பாவ, நான் இங்கிலீஷ் படிச்சதே அப்படித்தான்.

ரிட்டயர்டு_வாத்தி | பகல் 2:17

அடடா. உங்க தாத்தாவுக்கு ஒரு கும்பிடு.

தம்பி கேட்ட கேள்விக்கு, ஹார்டுக்கும் ஹார்ட்லிக்கும் சம்பந்தமே இல்லையான்னு கேட்டாரே, இவர் குடுத்த ரெண்டு வசனத்துலயே முழு பதில் இருக்கு. ஆதி இங்கிலீஷ்ல இது 'ஹெயர்ட்லீச்சே' மாதிரி ஒரு வடிவத்துல ஹார்டுக்கு பொறந்த பிள்ளைதான். கடுமையாங்கறதுல ஆரம்பிச்சு, சிரமப்பட்டுன்னு ஆகி, சிரமப்பட்டு நடக்கற காரியம் எப்பவாச்சும்தான் நடக்கும், அப்புறம் நடக்காத மாதிரிதான்னு வந்து நின்னுருச்சு. டிக்‌ஷனரில மூணு திக்குல நிக்குதுன்னீங்களே, அது ஒரே பாதைல இருக்கற மூணு ஸ்டாப்பிங். இன்னைக்கு பஸ் நிக்கறது கடைசி ஸ்டாப்பிங்ல மட்டும்தான்.

இதுல என்னை தூங்க விடாம பண்ணப்போறது அந்த 'அரிது'. நம்ம அரிதும் இதே ரூட்ல வந்ததுதானே?

டீக்கடை_பெஞ்சு | பகல் 2:40

சார் அரிதுன்னா ரேர். அதுக்கும் கஷ்டத்துக்கும் என்ன?

ரிட்டயர்டு_வாத்தி | பகல் 3:05

664வது குறள் சொல்லுங்க பாக்கலாம். "சொல்லுதல் யார்க்கும் எளிய அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்." எளியதுக்கு எதிரா நிக்கறது அரியது. அங்க ரேருன்னு அர்த்தம் வச்சா குறள் நொண்டும். சொல்றது சுலபம், சொன்ன மாதிரி செய்யறது கஷ்டம். 'செயற்கரிய செய்வார் பெரியர்'லயும் செய்யறதுக்கு கஷ்டமானது. அந்த அரிதுதான் இன்னைக்கு நாம "அவர் இந்தப் பக்கம் வர்றது அரிது"ங்கும்போது, வர்றதே இல்லைங்கிற அளவுக்கு வந்து நிக்குது. இங்கிலீஷ்ல "ஹீ ஹார்ட்லி எவர் கம்ஸ் ஹியர்." கடினத்துல இருந்து கிளம்பி அபூர்வம் வழியா இல்லைக்கு பக்கத்துல. ரெண்டு மொழியும் ஒண்ணை ஒண்ணு பாத்து எழுதல, மனுஷ மனசு அப்படி போகுது போல. முப்பத்தி ரெண்டு வருஷம் பாடம் எடுத்தேன், ஹார்ட்லிக்கு பக்கத்துல அரிதை வச்சு பாக்க எனக்கு தோணல.

டீக்கடை_பெஞ்சு | பகல் 3:11

இனிமே நான் கேள்வி கேக்கறதே அரிது சார் 🙏

வேதாரண்யம்_காத்து | மாலை 6:55

எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க, என்னது சிரிக்கற கதை இல்ல, இருந்தாலும் இங்க சொல்லாம வேற எங்க சொல்றது.

2018 நவம்பர், கஜா. பதினாறாம் தேதி விடியக்காலம் எங்க பக்கம் கரை ஏறுச்சு. விடிஞ்சு பாத்தா தென்னந்தோப்பு எல்லாம் படுத்துக் கெடக்கு, ஒரு திசையா சீவி விட்ட மாதிரி. கரண்ட் இல்ல, டவர் இல்ல, ஊருக்குள்ள வண்டி வர பாதை இல்ல, மரம் அறுத்து அறுத்துதான் ஆள் வந்தாங்க. பத்து பன்னெண்டு நாள் கழிச்சு, வெளிநாட்டு ஆளுங்க நடத்துற ஒரு உதவி அமைப்பு இங்கிலீஷ்ல லெட்டர் குடுத்தா பாக்கறோம்னு சொன்னதா ஒருத்தர் வந்து சொன்னாரு. ஊர்ல டிகிரி முடிச்சிருந்தது அப்ப நான் மட்டும்தான், உக்காந்து எழுதுனேன். "அவர் வில்லேஜ் ஈஸ் ஹார்ட்லி அஃபெக்டட் பை கஜா சைக்ளோன்." கடுமையா பாதிக்கப்பட்டிருக்குன்னு. முதல் வரியே அதுதான். கீழ எத்தனை தென்னை, எத்தனை கூரைன்னு கணக்கு எல்லாம் ஒழுங்கா எழுதியிருந்தேன், ஊரே கையெழுத்து போட்டுச்சு.

பதில் வரல. அதனாலதான் வரலைன்னு நான் சொல்ல முடியாது, அவங்களுக்கு எத்தனை லெட்டர் வந்துச்சோ. நாலு வருஷம் கழிச்சு ஒரு கோச்சிங் கிளாஸ்ல உக்காந்திருக்கும்போது இந்த ஹார்ட்லி வந்துச்சு, எனக்கு அன்னைக்கு மிச்ச கிளாஸ் காதுல ஏறல. அந்த லெட்டரை ஒருத்தன் பிரிச்சு முதல் வரியை படிச்சு 'எங்க ஊருக்கு பாதிப்பு ஒண்ணும் இல்லைன்னே சொல்லலாம்'னு புரிஞ்சுக்கிட்டு ஓரமா வச்சிருப்பானோங்கிற நினைப்பு இன்னைக்கும் போகல. ஊர்ல யார்கிட்டயும் சொன்னதில்ல.

நாஞ்சில்_நர்ஸ் | மாலை 7:20

தம்பி, கீழ கணக்கு எழுதினேல்லா. இத்தனை தென்னை போச்சுன்னு கீழ இருந்தா மேல உள்ள வரி தப்புன்னு படிக்கவனுக்கு தெரியாமலா இருக்கும். எனக்கு தாத்தா சொன்ன ஒண்ணு மாதிரிதான், நம்பர் பேசும். மனசுல வச்சுக்கிடாத மக்கா.

ரிட்டயர்டு_வாத்தி | மாலை 7:52

நர்ஸம்மா சொல்றதுதான் சரி. எழுத வேண்டியது என்னன்னு கேக்க வர்ற மத்தவங்களுக்காக மட்டும்: "ஹார்டு ஹிட்"னு வரும், இல்லன்னா "பேட்லி அஃபெக்டட்", "சிவியர்லி அஃபெக்டட்". பணம் விஷயத்துலயும் ஜாக்கிரதை, "ஹார்டு-ஏர்ன்ட் மணி"ன்னா பாடுபட்டு சம்பாதிச்ச காசு. அங்க ஒரு லி சேத்தா சம்பாதிக்கவே இல்லைன்னு போயிடும்.

யாழ்_நெல்லி | இரவு 9:03

வணக்கம், கனடாவில இருந்து. நல்ல இழை, ஒரு மூச்சில வாசிச்சு முடிச்சன். எனக்கு எப்பவும் ஒரு குழப்பம், பேர்லியும் ஹார்ட்லியும் ஒண்டோ? வேலை இடத்தில ரெண்டையும் மாறி மாறி சொல்லுகினம். நான் பேர்லிக்கு எங்கட ஊர் 'மட்டுமட்டாய்' எண்டு வச்சிருக்கிறன். காசு மட்டுமட்டாய் காணும் எண்டுவம், அதாவது போதும், ஆனால் ஒரு சதம் மிஞ்சாது.

ரிட்டயர்டு_வாத்தி | இரவு 9:30

மட்டுமட்டாய்! பேர்லிக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காதும்மா. பல இடத்துல ரெண்டும் ஒண்ணாவே புழங்கும், "ஐ கேன் பேர்லி ஹியர் யூ", "ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ" ரெண்டும் சரிதான். ஆனா எது பக்கம் சாயுதுன்னு பாத்தா நீங்க சொன்னது பிடிபடும். "ஹீ பேர்லி பாஸ்ட்"னா முப்பத்தஞ்சு வாங்கி தப்பிச்சான், பாஸ் பாஸ்தான். அந்த இடத்துல ஹார்ட்லி ஒட்டாது. பேர்லி கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழும், ஹார்ட்லி அந்தப் பக்கமே நின்னுரும்.

திருப்பூர்_பனியன் | இரவு 10:12

எல்லாருக்கும் நன்றிங்க. வேதாரண்யம் தம்பி கதையை படிச்சுட்டு என் துணி எல்லாம் ஒரு விசயமான்னு ஆயிருச்சு.

அப்டேட் சொல்லிடறேன். முதலாளி திட்டல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. மெஷின்ல ஏறாத பாதியை அன்னைக்கே திருப்பி எடுத்துட்டோம், ஏறுன பாதி இப்ப நெசமாவே ஷேட் மாறிருச்சு, அதை தனியா வெட்டி தனி கார்ட்டன்ல போடலாமான்னு பையர்கிட்ட கேக்க வேண்டியதா போச்சு. நடந்ததை மறைக்காம நானே எழுதிட்டேன், உங்க வார்த்தையை தப்பா படிச்சுட்டேன்னு. அவரு பதில் இன்னைக்கு வந்துச்சு. தனி கார்ட்டனுக்கு ஓகே. கடைசி வரி "இட்ஸ் ஹார்ட்லி யுவர் ஃபால்ட், ஐ ஷுட் ஹேவ் பீன் க்ளியரர்."

படிச்சதும் ஒரு நொடி பக்குன்னு ஆச்சுங்க, பழைய பழக்கத்துல. அப்புறம் வால்ல இல்லை போட்டு பாத்தேன். 'உன் தப்பு இல்லைன்னே சொல்லலாம்.' சரியா சார்?

ரிட்டயர்டு_வாத்தி | இரவு 10:25

சரி. ஆனா இந்த இடத்துல இன்னும் நம்ம பேச்சுல சொல்லணும்னா கேள்வியா மாத்திடுங்க: 'இதை போய் உன் தப்புன்னு சொல்ல முடியுமா?' தன்மையா மறுக்கறதுக்கு நாம கேள்வி போடற இடத்துல எல்லாம் அவங்க ஹார்ட்லி போடுவாங்க. "யூ கேன் ஹார்ட்லி ப்ளேம் ஹிம்", அவனை எப்படி குத்தம் சொல்றது? "திஸ் ஈஸ் ஹார்ட்லி த டைம்", இதுவா நேரம்? நல்ல மனுஷன் உங்க பையர்.

டீக்கடை_பெஞ்சு | இரவு 10:31

அப்ப எங்க மேனேஜர் என்கிட்ட "யூ ஆர் ஹார்ட்லி அட் யுவர் டெஸ்க்"ன்னு சொன்னது பாராட்டு இல்லையா?

ரிட்டயர்டு_வாத்தி | இரவு 10:33

பாராட்டா இருக்குமா?

திருப்பூர்_பனியன் | இரவு 10:50

😂 சரிங்க, நாளைக்கு காலைல ஏழு மணிக்கு கட்டிங் ஆரம்பம், ரெண்டு ஷேடும் கலந்துறாம பக்கத்துல நின்னு பாக்கணும், கை ஒரு ஷேடு உடம்பு ஒரு ஷேடுன்னு தச்சு வந்துச்சுன்னா அப்புறம் எந்த லைட்லயும் மறைக்க முடியாது. கெளம்பறேன்.